குடிக்காத தண்ணீர்

திருப்பூரில் வேலம்பாளையம் பக்கம் ஒரு ஜாப் ஒர்க் பனியன் கம்பெனி. சித்திரை மாதத்து மாலை நான்கு மணி. தகரக் கூரைக்குக் கீழே முப்பது பவர் டேபிள்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு டேபிளின் காலடியிலும் ஒரு பிளாஸ்டிக் பாட்டில். காலையில் வீட்டிலிருந்து தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தது. எட்டரைக்கு உட்கார்ந்தவர்கள் நான்கு மணிக்கும் அதில் பாதியைக்கூடக் குடித்திருக்கவில்லை. சில பாட்டில்களில் கழுத்துவரை தண்ணீர் அப்படியே நின்றது.

ஓவர்லாக் ஓட்டிக்கொண்டிருந்தவரிடம், “என்னங்க்கா, இந்த வெக்கையில தண்ணி குடிக்கலையா?” என்று கேட்டேன். மெஷினை நிறுத்தாமலே பதில் வந்தது. “குடிச்சா எந்திரிச்சுப் போகோணும்ங்க. போயிட்டு வர்றதுக்குள்ள இங்க பீஸ் குமிஞ்சுக்கும். அப்புறம் ஆரு பேச்சு வாங்கறது?”

பின்பக்கம் போய்ப் பார்த்தேன். பெண்களுக்கு என்று இரண்டு கழிப்பறைகள். ஒன்றில் பேக்கிங் அட்டைகளை அடுக்கிப் பூட்டியிருந்தார்கள். வாசலில் போன மாதம் நடந்த இலவச மருத்துவ முகாமின் பேனர் இன்னும் அவிழ்க்கப்படாமல் தொங்கியது. ரத்த அழுத்தம், சர்க்கரை, ரத்தசோகை எல்லாம் பார்த்தார்களாம். செலவு ஒரு வெளிநாட்டு பிராண்டுடையது என்று உரிமையாளர் பெருமையாகச் சொன்னார். அவர் கெட்டவர் அல்ல. ஒரு காலத்தில் கட்டிங் மாஸ்டராக நின்று காலில் நரம்பு சுருட்டிக்கொண்டவர்தான்.

உலகம் முழுக்கக் கடை விரித்திருக்கும் பெரிய நிறுவனங்கள், தங்களுக்காக எங்கோ உழைக்கும் தொழிலாளியின் உடல்நலத்துக்கு என்ன செய்யலாம் என்று யோசித்தால் முதலில் நினைவுக்கு வருவது இந்த முகாமும் விழிப்புணர்வு வகுப்பும்தான். முகாமை நான் பழிக்கவில்லை. யாரோ ஒருவருக்கு அங்கேதான் முதன்முதலாகச் சர்க்கரை இருப்பது தெரியவந்திருக்கும். ஆனால் அந்த அக்காவுக்குத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று தெரியாமல் இல்லை. சிறுநீரை அடக்கினால் தொற்று வரும் என்பதும் தெரியும். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை வந்து போகிறது. அவரை எழுந்திருக்கவிடாமல் உட்காரவைத்திருப்பவை ஆர்டர் தாளில் உள்ள இரண்டு எண்கள். ஒரு பீஸுக்கு என்ன விலை? ஷிப்மென்ட் எந்தத் தேதி? இந்த இரண்டையும் எழுதுகிற கைதான் அவருடைய உடம்பையும் எழுதுகிறது. அந்தக் கை திருப்பூரில் இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முப்பது பேர் உள்ள ஒரு லைன், நாளொன்றுக்கு ஆயிரம் டி-சர்ட் தைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆள் ஒன்றுக்குச் சம்பளம் 500 ரூபாய். இந்த லைனுக்கு முப்பத்தொன்றாவதாக ஒரு டைலரைப் போட்டு, யார் எழுந்து போனாலும் அந்த மெஷினில் அவர் உட்கார்ந்துகொள்ளட்டும். பெரிய தொழிற்சாலைகளில் ‘ரிலீவர்’ என்பார்கள். புதிதாகக் கண்டுபிடித்த ஏற்பாடு இல்லை. அவருக்கான 500 ரூபாயை ஆயிரம் சட்டைக்குப் பிரித்தால் ஒரு சட்டைக்கு 50 காசு. ஐரோப்பாவில் ஒரு கடையில் தொங்கும் சட்டையின் விலையில் இந்த 50 காசு கண்ணுக்கே தெரியாது. கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் கம்பெனிக்கோ அது தெரியும். அதற்குக் கிடைக்கும் தையல் கூலியில், பீஸுக்கு 50 காசு என்பது ஆர்டரை எடுப்பதா விடுவதா என்று தீர்மானிக்கிற தொகை.

இதைத்தான் வாங்குகிற நிறுவனங்கள் பேச விரும்புவதில்லை. 2016-இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 87 நாடுகளில் 1,454 சப்ளையர்களிடம் கருத்துக் கேட்டது. உற்பத்திச் செலவுக்குக்கூடக் கட்டாத விலைக்கு ஆர்டர் எடுத்ததுண்டு என்று சொன்னவர்கள் 39 சதவீதம். நட்டத்துக்கு ஏன் எடுத்தார்கள்? விட்டால் அடுத்த சீசனில் அந்த பையர் வரமாட்டார் என்ற பயம். அந்த நட்டத்தை அவர்கள் எங்கே ஈடுகட்டுவார்கள்? நூல் விலை அவர்கள் கையில் இல்லை, மின்கட்டணம் இல்லை, வங்கி வட்டி இல்லை. கையில் இருப்பது ஆளும் நேரமும் மட்டும்தான்.

நேரம் என்றதும் நினைவுக்கு வருகிறது. 2023 ஏப்ரலில், பன்னிரண்டு மணி நேர வேலைக்கு இடம்தரும் தொழிற்சாலைச் சட்டத் திருத்த மசோதா தமிழகச் சட்டப்பேரவையில் நிறைவேறியது. எதிர்ப்புக் கிளம்பி, மே தினத்தன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். அந்த விவாதம் முழுவதையும் திருப்பூர்க்காரர்கள் ஒரு மாதிரியான சிரிப்போடுதான் பார்த்திருப்பார்கள். அங்கே ‘ஒன்றரை ஷிப்ட்’ என்பது பேச்சு வழக்குச் சொல். காலை எட்டரைக்குப் போய் இரவு எட்டரைக்கு வருவது. ஷிப்மென்ட் நெருங்கினால் இரண்டு ஷிப்ட். கப்பலைத் தவறவிட்டால் சரக்கை விமானத்தில் அனுப்ப வேண்டும், அந்தச் செலவு சப்ளையர் தலையில். சாம்பிளை மூன்று தடவை மாற்றி, நிறத்துக்கு ஒப்புதல் தர இரண்டு வாரம் இழுத்தடித்தது பையராக இருந்தாலும் தேதி மட்டும் நகராது. இழுத்தடித்த அந்த இரண்டு வாரமும் யாரோ ஒரு பெண்ணின் முதுகில்தான் இறங்குகிறது.

பிராண்டுகளின் பார்வை தைக்கிற இடத்தோடு நின்றுவிடுவது இன்னொரு சிக்கல். ஆடிட் செய்பவர் தையல் கூடத்துக்கு வருவார், தீயணைப்புக் கருவியைப் பார்ப்பார், முதலுதவிப் பெட்டியைத் திறந்து மருந்தின் காலாவதித் தேதியைக்கூடப் படிப்பார். அந்தத் துணிக்கு நூல் எங்கிருந்து வந்தது என்று கேட்டுத் திண்டுக்கல் பக்கமோ ராஜபாளையம் பக்கமோ ஒரு பஞ்சாலைக்குள் நுழைபவர்கள் குறைவு. நுரையீரல் கெடுவது அங்கேதான்.

பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோய்க்கு மருத்துவத்தில் பிஸினோசிஸ் என்று பெயர். அதன் தொடக்கம் விசித்திரமானது. ஞாயிறு விடுமுறை முடிந்து திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் நெஞ்சை இறுக்கிப் பிடிக்கும், மூச்சு வாங்கும். செவ்வாய், புதன் ஆகக் குறைந்துவிடும். அடுத்த திங்கட்கிழமை மறுபடி. லங்காஷயர் ஆலைகளில் இதைத் ‘திங்கட்கிழமைக் காய்ச்சல்’ என்றார்கள். மேற்பார்வையாளருக்கு இது லீவுக்கு அடுத்த நாள் சோம்பல் போலத் தெரியும். தொழிலாளியும் சளி என்று நினைத்துக்கொள்வார். ஆண்டுகள் போகப் போகத் திங்கட்கிழமை மட்டும் வந்தது எல்லா நாளும் வரத் தொடங்கும். அப்போது நுரையீரல் பழைய நிலைக்குத் திரும்பாது. அமெரிக்கா 1978-லேயே நூற்பாலைகளின் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 200 மைக்ரோகிராமுக்கு மேல் பஞ்சுத் தூசி இருக்கக் கூடாது என்று வரம்பு கட்டியது. நம் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் அட்டவணையிலும் இந்த நோய் இருந்தது. கண்டறியும் மருத்துவர் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டிய நோய்களில் ஒன்று அது.

கண்டறிந்தால்தானே தெரிவிப்பது! பதினெட்டு வயதில் ஆலைக்கு வந்து, மூன்று ஆண்டு விடுதியில் தங்கி வேலை பார்த்துக் கல்யாணச் செலவுக்குப் பணம் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்பும் பெண்ணுக்கு மூச்சுத் திணறல் முற்றுவது ஊரில் வைத்து. அங்குள்ள மருத்துவர் ‘வீசிங்’ என்று எழுதி இன்ஹேலர் கொடுப்பார். எங்கே வேலை பார்த்தாய் என்று கேட்கப் புறநோயாளி வரிசை விடாது. ஆலையின் பதிவேட்டில் அவர் ஆரோக்கியமாக வேலையை விட்டுப் போனவர்.

பிராண்டுகள் செய்யக்கூடிய ஒன்று இங்கே இருக்கிறது, யோசிக்கக்கூட வேண்டியதில்லை. தங்கள் துணிக்கு நூல் தரும் ஆலைகளில் தூசியை அளந்து, அந்த எண்ணைத் தொழிலாளர்கள் பார்க்கும்படி தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் சுவரில் ஒட்டச் சொல்வது. சேரும்போது ஒருமுறை, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை ஊதிப் பார்க்கும் பரிசோதனை செய்து, முடிவைத் தொழிலாளி கையில் கொடுப்பது. நூலின் தரத்தைச் சோதிக்க ஆலைதோறும் ஆய்வுக்கூடம் இருக்கிறது. நூலில் எத்தனை இடத்தில் முடிச்சு, எத்தனை இடத்தில் மெலிவு என்று எண்ணிச் சொல்கிறது கருவி. நூற்கிறவளின் மூச்சை அளக்க அதில் நூறில் ஒரு பங்கு அக்கறை போதும்.

நிறுவனம் மனம் வைத்தால் எவ்வளவு வேகமாகக் காரியம் நடக்கும் என்பதற்கும் நம் பக்கத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. அது ஜவுளியில் இல்லை. 2021 டிசம்பர். ஸ்ரீபெரும்புதூர் அருகே ஐபோன் பொருத்தும் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை செய்த பெண்கள், பூந்தமல்லி பக்கம் விடுதி ஒன்றில் சாப்பிட்ட உணவு நஞ்சாகி, 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சிலர் இறந்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் வதந்தி பரவ, ஆயிரக்கணக்கான பெண்கள் நள்ளிரவில் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். யாரும் இறக்கவில்லை என்று அரசு சொல்லி நம்பவைக்கப் பெரும்பாடு பட்டது. ஏன் நம்பவில்லை? அந்த விடுதி அறைகளில் ஆறு பேர் முதல் முப்பது பேர் வரை தரையில் படுத்தார்கள். சில கழிப்பறைகளில் தண்ணீர் வரவில்லை. சோதனைக்குப் போன உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் சமையலறையில் எலிகளைப் பார்த்தார்கள். இப்படி வைத்திருப்பவர்கள் எதையும் மறைப்பார்கள் என்று அந்தப் பெண்கள் நினைத்ததில் என்ன தவறு?

அதற்குப் பிறகு நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. சில விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தன் விதிகளுக்கு உட்பட்டு இல்லை என்று ஆப்பிள் ஒப்புக்கொண்டு, அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. ஆலை மூடிக் கிடந்து, 2022 ஜனவரி 12-இல் திறந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதியை முதல்வர் திறந்துவைத்தார். அரசின் சிப்காட் நிறுவனம் கட்டியது, செலவு 706.5 கோடி ரூபாய். உலகின் பெரும்பணக்கார நிறுவனம் ஒன்றின் கைபேசியைப் பொருத்துகிற பெண்ணுக்குப் படுக்க ஒரு கட்டில் கிடைக்க, முதலில் 159 பேர் வாந்தி எடுக்க வேண்டியிருந்தது. ஆடிட் அதற்கு முன்பும் நடந்துகொண்டுதான் இருந்தது.

ஆடிட்டைப் பற்றிப் பேசும்போது கராச்சியைச் சொல்லாமல் போக முடியாது. 2012 செப்டம்பர் 11-இல் பல்தியா பகுதியில் உள்ள அலி எண்டர்பிரைசஸ் ஆடை ஆலையில் தீப்பிடித்து 250 பேருக்கு மேல் செத்தார்கள். தீயை யார் வைத்தது என்பது தனி வழக்கு. ஆனால் ஜன்னல்களில் கம்பி, வெளியேறும் வழிகளில் பூட்டு. சில வாரங்களுக்கு முன்புதான் அந்த ஆலைக்கு எஸ்.ஏ.8000 என்ற பன்னாட்டுத் தரச் சான்றிதழ் கிடைத்திருந்தது. பாதுகாப்பு, சுகாதாரம் எல்லாம் சரி என்று சொல்லும் தாள் அது. முன்கூட்டிச் சொல்லிவிட்டு வருகிற ஆடிட்டுக்கு எப்படித் தயாராவது என்று நம் ஊரிலும் எல்லாருக்கும் தெரியும். அன்று கழிப்பறையில் சோப்பு இருக்கும். மாஸ்க் எல்லார் மூக்கிலும் இருக்கும். ‘யாராவது கேட்டால் எட்டு மணி நேரம் என்று சொல்’ என்று காலையிலேயே மைக்கில் அறிவிப்பு வந்திருக்கும். வண்டி கேட்டைத் தாண்டியதும் சோப்பு ஸ்டோருக்குத் திரும்பும்.

மருத்துவ அறை என்று ஒன்று இருக்கிறதே, அது போதாதா என்று கேட்கலாம். அந்த அறை யாருக்காக இயங்குகிறது என்பதுதான் கேள்வி. 2019-இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள் தமிழ்நாட்டு ஆடை ஆலைகளில் வேலை செய்யும் ஏறத்தாழ நூறு பெண்களிடம் பேசினார்கள். மாதவிலக்கு வலி என்று போனால் பெயர் இல்லாத, தாளில் சுற்றாத மாத்திரை ஒன்றைக் கொடுத்து மெஷினுக்குத் திருப்பி அனுப்பினார்கள் என்று அந்தப் பெண்கள் சொன்னார்கள். என்ன மாத்திரை, என்ன பக்கவிளைவு என்று யாரும் சொல்லவில்லை. அந்த மாத்திரை கொடுத்தது நர்ஸாக இருக்கலாம், சூப்பர்வைசராகவும் இருக்கலாம். எந்திரத்துக்கு எண்ணெய் விடுகிற மனநிலைதான் இருவரிடமும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. வலிக்கு மாத்திரை கேட்டு வருகிற பெண்ணின் ரத்தத்தையும் அப்படியே சோதித்துவிடுவது எந்த ஆலைக்கும் பெரிய வேலை இல்லை. ஆனால் சோதனை முடிவு எச்.ஆர். மேசைக்குப் போகக் கூடாது. கர்ப்பம் என்று தெரிந்தால் வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள் என்று பயப்படுகிற பெண், உள்ளே இருக்கும் நர்ஸிடம் வாயே திறக்கமாட்டாள். மருத்துவ அறையின் சம்பளத்தை ஆலை கொடுத்தாலும் அதன் பதிவேட்டை ஆலை பார்க்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லும் உரிமை வாங்குகிற நிறுவனத்துக்கு உண்டு.

இனி இ.எஸ்.ஐ. என்ற அரசுக் காப்பீட்டுத் திட்டம். இதில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். ஏனென்றால் வெளிநாட்டிலிருந்து புதிதாக ஒரு நலத்திட்டத்தை இறக்குவதைவிட, இங்கே ஏற்கெனவே இருக்கிற ஒன்றை ஒழுங்காகக் கிடைக்கச் செய்வது மலிவும் நிரந்தரமும் ஆகும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு இது பொருந்தும். 2019 ஜூலை முதல் முதலாளி பங்கு 3.25 சதவீதம், தொழிலாளி பங்கு 0.75 சதவீதம். முன்பு சொன்ன 500 ரூபாய்ச் சம்பளத்துக்குக் கணக்கிட்டால் இருவரும் சேர்ந்து நாளுக்கு 20 ரூபாய். ஒரு டீக்கும் போண்டாவுக்கும் ஆகிற இந்தக் காசுக்குக் குடும்பம் முழுவதற்கும் வைத்தியம், நோயில் படுத்தால் ஆண்டுக்கு 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம், பிரசவத்துக்கு 26 வாரச் சம்பளம். உலகில் எந்த பிராண்டின் நலத்திட்டமும் இதன் பக்கத்தில் நிற்காது.

ஓட்டை எங்கே? நோய்க்காலச் சம்பளம் பெற, ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் குறைந்தது 78 நாள் பணம் கட்டியிருக்க வேண்டும். சீசனுக்கு ஆள் எடுத்துச் சீசன் முடிந்ததும் அனுப்பும் தொழிலில், காண்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் பெயரை வெட்டிப் புதிதாகச் சேர்க்கும் தொழிலில், இந்த 78 நாள் சேருவதே இல்லை. ஒடிசாவிலிருந்தோ பிகாரிலிருந்தோ வரும் பையன் வேலை செய்வது ஒன்பது மாதம், பதிவேட்டில் இருப்பது இரண்டு மாதம். சிலருக்கு எண் இருக்கும், கைபேசியில் இணைத்திருக்கமாட்டார்கள். சிலருக்குச் சம்பளத்தில் பிடித்தம் இருக்கும், கட்டியிருக்கமாட்டார்கள். மருத்துவமனைக்குப் போய் நிற்கும்போதுதான் தெரியவரும். அரசும் இதில் சளைத்ததில்லை. திருப்பூர் மாதிரி ஒரு தொழில் நகரத்தில் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு அடிக்கல் நாட்டியதே 2019 பிப்ரவரியில்தான். கட்டி முடித்துத் திறக்க இன்னும் பல ஆண்டுகள் ஆயின. அதுவரை வெளியூர் மருத்துவமனைக்கு அலைந்தார்கள், அல்லது மருந்துக்கடையில் வாங்கி விழுங்கினார்கள்.

பிராண்டுகளின் ஆடிட் படிவத்தில் ‘இ.எஸ்.ஐ. உண்டா?’ என்று ஒரு கட்டம் இருக்கும். ‘உண்டு’ என்று டிக் அடிக்கப்படும். கேட்க வேண்டிய கேள்வி வேறு. போன ஆண்டு இந்த ஆலையில் எத்தனை பேர் நோய்க்காலச் சம்பளம் வாங்கினார்கள்? ஆயிரம் பேர் வேலை செய்யும் இடத்தில் பதில் பூஜ்யம் என்றால், அங்கே யாருக்கும் நோயே வரவில்லை என்று அர்த்தமா?

செலவு அதிகமாகும் என்ற பேச்சுக்கு ஒரு பதில் உண்டு, அது அசாமிலிருந்து வருகிறது. 2017-இல் அங்கே தேயிலைத் தோட்டங்களில் இலை பறிக்கும், நாற்பது வயதைத் தாண்டிய 751 தொழிலாளர்களை ஓர் ஆய்வில் சேர்த்தார்கள். பக்கத்தில் இருப்பது மங்கலாகத் தெரிபவர்கள்தான் எல்லாரும். பாதிப்பேருக்குச் சாதாரண வெள்ளெழுத்துக் கண்ணாடி கொடுத்தார்கள், மீதிப்பேருக்கு ஆய்வு முடிந்ததும். கண்ணாடி போட்டவர்கள் பறித்த இலை, போடாதவர்களைவிடச் சுமார் 22 சதவீதம் கூடியது. ஐம்பதைத் தாண்டியவர்களிடம் இன்னும் அதிகம். கண்ணாடியின் விலை, கொண்டுபோய்ச் சேர்க்கும் செலவோடு, 10 டாலர் அளவு. லான்செட் இதழ்க் குழுமத்தில் 2018-இல் வெளியான ஆய்வு இது. பனியன் கம்பெனியில் நாற்பதைத் தொட்டதும் ஊசியில் நூல் கோக்கத் தடுமாறும் டைலர்கள், கண்ணாடி போட்டால் ‘வயசாயிருச்சு’ என்று கழித்துவிடுவார்களோ எனக் கண்ணை இடுக்கிக்கொண்டே தைப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

பெங்களூரு ஆடை ஆலைகளில் இன்னொன்று நடந்தது. மின்சாரம் மிச்சமாகட்டும் என்று தையல் மெஷினுக்கு மேலே இருந்த குழல்விளக்குகளை எடுத்துவிட்டு எல்.இ.டி. போட்டார்கள். தலைக்கு மேலிருந்த சூடு குறைந்தது. வெயில் நாட்களில் தையல் வேகம் விழுவது பெருமளவு நின்றுவிட்டது. பொருளியல் ஆய்வாளர்கள் இதை எண்களோடு எழுதியிருக்கிறார்கள்.

ஆனாலும் இந்த ‘லாபமும் கிடைக்கும்’ வாதத்தில் எனக்கு ஒரு நெருடல் உண்டு. கண்ணாடி கொடுத்தால் உற்பத்தி கூடும், சரி. தூசியைக் குறைத்தால்? அந்தப் பெண்ணின் நுரையீரல் கெட்டது தெரியவருவது அவள் ஆலையை விட்டுப் போன பிறகு. ஆலைக்கு அதில் நட்டமும் இல்லை, லாபமும் இல்லை. லாபம் வராத இடத்திலும் செய்ய வேண்டியவை இருக்கின்றன. அவற்றைச் செய்யவைக்க அக்கவுண்ட்ஸ் புத்தகம் உதவாது.

புத்தகத்துக்கே வராதவர்களும் இருக்கிறார்கள். ஆம்பூர் பக்கம் போனால் வீட்டுத் திண்ணையில் பெண்கள் உட்கார்ந்து காலணியின் மேல்தோலைக் கையால் தைத்துக்கொண்டிருப்பார்கள். இடைத்தரகர் பையில் கொண்டுவந்து போடுவார், இரண்டு நாளில் வந்து எடுத்துப்போவார். ஊசி குத்திக் குத்தி விரல் மரத்திருக்கும், குனிந்தே தைப்பதில் கழுத்தும் முதுகும் போயிருக்கும். அந்த ஷூ எந்தக் கடையில், என்ன விலைக்கு விற்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. கடைக்காரருக்கும் அவர்கள் இருப்பது தெரியாது. ஆலை இல்லை, ஆகவே இ.எஸ்.ஐ. இல்லை, முகாம் இல்லை, பேனரும் இல்லை. திருப்பூரில் வீட்டில் வைத்துப் பிசிறு வெட்டுகிற பாட்டிமாரும் இதே கணக்குதான்.

பேச்சுவார்த்தை, சுயக் கட்டுப்பாடு என்பவை ஓரளவுக்குத்தான் போகும். கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் வந்த இடங்களில்தான் மாற்றம் நிலைத்தது. வங்கதேசத்தில் 2013 ஏப்ரல் 24-இல் ராணா பிளாசா இடிந்து 1,100 பேருக்கு மேல் செத்த பிறகு, இருநூறுக்கும் மேற்பட்ட பிராண்டுகள் தொழிற்சங்கங்களோடு சட்டப்படி கட்டுப்படுத்தும் ‘அக்கார்டு’ ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ஆய்வறிக்கைகள் பொதுவில் வெளியாயின. குறையைச் சரிசெய்யாத ஆலைக்கு ஆர்டர் போகாது. நம் திண்டுக்கல்லிலும் ஒன்று நடந்தது. 2021 ஜனவரியில் ஓர் இளம் தலித் பெண் தொழிலாளி கொல்லப்பட்டதை அடுத்து, 2022 ஏப்ரலில் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனமும், பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கமும், எச் அண்ட் எம் நிறுவனமும் ஓர் ஒப்பந்தம் போட்டன, கேப், பி.வி.எச். நிறுவனங்களும் பிறகு சேர்ந்தன. பாலியல் சீண்டலையும் சாதி வசவையும் தடுப்பதுதான் அதன் முதல் நோக்கம். ஆனால் ‘கழிப்பறைக்குப் போக விடுவதில்லை’ என்று ஒருத்தி புகார் சொன்னால் அதைக் கேட்கத் தொழிலாளர்களுக்குள்ளேயே பயிற்சி பெற்ற ஒருத்தி இருந்தாள். புகார் சொன்னவளை வேலையைவிட்டு நிறுத்த முடியாதபடி விதி இருந்தது. ஆலை மீறினால் வாங்குகிற நிறுவனம் ஆர்டரில் கை வைத்தாக வேண்டியிருந்தது. உடல்நலத்துக்கு இதைவிடப் பெரிய மருந்து எனக்குத் தெரியவில்லை. பேச முடிந்தால் தண்ணீர் குடிக்கலாம்.

ஐரோப்பியச் சட்டங்கள் காப்பாற்றும் என்று சிலர் நம்பினார்கள். ஜெர்மனியின் விநியோகச் சங்கிலிச் சட்டம் 2023-இல் நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் தன் பங்குக்கு ஒன்று போட்டு, மறு ஆண்டே தொழில்துறையின் முணுமுணுப்புக்கு இறங்கி அதைத் தள்ளிப்போடவும் தளர்த்தவும் தொடங்கிவிட்டது. அதை நம்பிக் காத்திருப்பதில் பயனில்லை.

திருப்பூர் முதலாளிகளின் தரப்பையும் சொல்லிவிட வேண்டும். 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது தைத்து முடித்த சரக்கையே வேண்டாம் என்றன பெரிய பிராண்டுகள். வங்கதேசத்தில் மட்டும் ரத்தானதும் நிறுத்திவைத்ததும் 300 கோடி டாலருக்கு மேல். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது, அந்தச் சுமையில் பங்கெடுக்கச் சொல்லி பையர்கள் விலைக்குறைப்புக் கேட்டதை ஏற்றுமதியாளர்களே வெளிப்படையாகச் சொன்னார்கள். சரக்கை அனுப்பிப் பணம் வர அறுபது நாள், தொண்ணூறு நாள். இதற்கு நடுவில் அதே பையரின் இன்னொரு துறையிலிருந்து மின்னஞ்சல் வரும்: தொழிலாளர் நலனுக்கு நீங்கள் இந்த ஆண்டு என்ன செய்தீர்கள்? விலையைக் குறைக்கச் சொல்கிற மெர்ச்சண்டைசிங் துறையும் நலனைக் கேட்கிற கம்ப்ளையன்ஸ் துறையும் ஒரே கட்டடத்தில், ஒரே கேன்டீனில் சாப்பிடுகிறவர்கள்தான். ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதாகத் தெரியவில்லை.

அந்த இரண்டு துறைகளிலும் தமிழ் படிக்கிறவர்கள் நிறையப்பேர் இருக்கிறீர்கள். சென்னையிலும் பெங்களூரிலும் திருப்பூரிலும் உள்ள பையிங் ஆபீஸ்கள் உங்களால்தான் ஓடுகின்றன. அடுத்த ஆர்டரின் காஸ்டிங் தாளில் துணி, நூல், பட்டன், அட்டைப்பெட்டி என்று வரி வரியாக எழுதும்போது, பேரம் பேசக் கூடாத ஒரு வரியாக ரிலீவர் சம்பளத்தையும் இ.எஸ்.ஐ. பங்கையும் சேர்த்துப் போடுங்கள். ஆலைக்குப் போகும்போது முன்கூட்டிச் சொல்லாமல் போங்கள். பதிவேட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். மாலை நான்கு மணிக்குத் தையல் கூடத்தில் ஒரு நடை நடந்து, டேபிள்களுக்குக் கீழே இருக்கும் பாட்டில்களைப் பாருங்கள்.